க்ளெம்டு ஸ்பிரிட் பேர் லாட்ஜ்: கிளம்பும் முன் எல்லாரும் கேட்கிற கேள்விகள்

கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் நடுக் கடற்கரையில், சாலை வழியாகப் போகவே முடியாத ஒரு தீவுக் கிராமம் க்ளெம்டு. அங்கே கிட்டாசூ ஹைஹைஸ் என்ற முதற்குடி (பூர்வகுடி) மக்கள் நடத்தும் விடுதிதான் ஸ்பிரிட் பேர் லாட்ஜ். ஸ்பிரிட் கரடி எனப்படும் வெள்ளைக் கரடியின் படத்தை எங்காவது பார்த்துவிட்டு "நாங்களும் போகலாமா?" என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே. விலையும் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அவற்றை மட்டும் விடுதியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

க்ளெம்டு எங்கே இருக்கிறது?

வான்கூவருக்கு வடமேற்கே, நேர்கோட்டில் சுமார் 500 கிலோமீட்டர். ஸ்விண்டில் தீவின் கரையில் சில நூறு பேர் வாழும் ஊர். சுற்றிலும் 'கிரேட் பேர் மழைக்காடு' என்று உலகம் அழைக்கும் பகுதி: தீவுகள், கடல் உள்ளே நுழைந்து நீண்டு கிடக்கும் ஃபியோர்டுகள், ஆயிரம் வருட சீடார் மரங்கள். 64 லட்சம் ஹெக்டேர் பரப்பு. 2016-ல் மாநில அரசும் முதற்குடிகளும் சூழல் அமைப்புகளும் மர நிறுவனங்களும் சேர்ந்து செய்த உடன்பாட்டின்படி, அங்குள்ள காட்டில் 85 சதவீதத்தில் வணிகத்துக்காக மரம் வெட்ட முடியாது. அந்த உடன்பாட்டுக்குப் பின்னால் இருபது வருட மறியல், வழக்கு, பேச்சுவார்த்தை எல்லாம் உண்டு.

விடுதி யாருடையது?

ஊருடையது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். வெளியூர் முதலாளி ஒருவர் நிலம் வாங்கி, அழகுக்காக உள்ளூர் ஆட்களை ஆட வைக்கிற ரகம் இல்லை இது. கிட்டாசூ, ஹைஹைஸ் என்று இரண்டு மக்கள். மொழி வேறு, குளிர்கால ஊர்கள் வேறு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் க்ளெம்டுவில் ஒன்றாகக் குடியேறினார்கள். பிறகு ஊரில் மீன் டின்னில் அடைக்கும் ஆலை வந்தது, மூடியது. காட்டு வேலை வந்தது, போனது. 1990-களின் கடைசியில் சுற்றுலாவைத் தாங்களே தொடங்கிப் பார்ப்போம் என்று இறங்கினார்கள். படகு ஓட்டுகிறவர், வழிகாட்டி, சமையலறையில் இருப்பவர் என்று பலரும் ஊர்க்காரர்கள். நீங்கள் பார்க்கப்போகும் ஆறும் கடலும் அவர்களுடைய பிரதேசம். நீங்கள் விருந்தாளி.

எப்படிப் போவது?

டொராண்டோவிலிருந்து வருகிறவர்கள் முதலில் வான்கூவர் வர வேண்டும், அதற்கே சுமார் ஐந்து மணி நேரம். வான்கூவரில் பெரிய டெர்மினலில் இறங்கி, அதே விமான நிலையத்தின் தெற்கு டெர்மினலுக்குப் போக வேண்டும். இரண்டும் ஒட்டியில்லை, வண்டியில்தான் போக முடியும். நேரம் விட்டுத் திட்டமிடுங்கள். அங்கிருந்து சிறு விமானம் பெல்லா பெல்லாவுக்கு. பெல்லா பெல்லா ஹைல்ட்சுக் மக்களின் ஊர். அங்கே விடுதியின் படகு வந்து அழைத்துப்போகும்.

வானிலை கெட்டால் சிறு விமானம் பறக்காது. செப்டம்பர் மூடுபனியில் இது அடிக்கடி நடக்கும். ஆகவே போகும்போது வான்கூவரில் ஓர் இரவும், திரும்பும்போது ஊருக்குப் போகும் விமானத்துக்கு முன் ஓர் இரவும் தங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். மாலை இணைப்பு விமானத்தை நம்பி அன்றைக்கே வீடு போய்ச் சேரும் கணக்குப் போட்டவர்கள் பலர் அபராதம் கட்டியிருக்கிறார்கள்.

எந்த மாதம் நல்லது?

வெள்ளைக் கரடிக்காக என்றால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. அப்போதுதான் சால்மன் ஆறுகளில் ஏறும், கரடிகள் காட்டின் உள்ளிருந்து ஆற்றோரத்துக்கு வரும். மற்ற மாதங்களிலும் அதே கரடி அதே தீவில்தான் இருக்கிறது. ஆனால் அடர்ந்த காட்டில் இருபது அடி தள்ளி நின்றாலும் உங்கள் கண்ணில் படாது.

வசந்தத்தின் பிற்பகுதியில் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடிகள் ஆற்று முகத்துவாரங்களில் கோரைப்புல் மேயும். கூட்டம் குறைவு, பகல் நீளம். திமிங்கிலத்துக்கு ஜூலை, ஆகஸ்ட். என்னைக் கேட்டால் செப்டம்பர் இரண்டாம் பாதி. மழை அதிகம்தான், ஆனால் மழை பெய்து ஆறு ஏறினால்தான் மீனும் ஏறும்.

ஸ்பிரிட் கரடி என்பது பனிக்கரடியா? அல்பினோவா?

இரண்டும் இல்லை. சாதாரண அமெரிக்கக் கருங்கரடிதான், வெள்ளை முடியோடு பிறந்தது. கண்ணும் மூக்கும் கறுப்பாகவே இருக்கும், ஆகவே அல்பினோ கிடையாது. முடி பளீர் வெள்ளையும் இல்லை. பாலாடை நிறம், முதுகில் சில கரடிகளுக்கு மஞ்சள் பூத்திருக்கும். எம்சி1ஆர் என்ற மரபணுவில் நேர்ந்த ஒரு சிறு மாற்றம் இதற்குக் காரணம். மனிதர்களில் செம்பட்டை முடிக்கும் இதே மரபணுதான். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் குட்டி வெள்ளையாகும். அதனால் கறுப்புத் தாய்க்கு வெள்ளைக் குட்டியும், வெள்ளைத் தாய்க்குக் கறுப்புக் குட்டியும் பிறப்பது சகஜம்.

மொத்தம் சில நூறுதான் இருக்கும் என்பது பழைய மதிப்பீடு. 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த மரபணு முன்பு நினைத்ததைவிட இன்னும் அரிது என்று சொன்னது. கிட்டாசூ ஹைஹைஸ் மக்களும், அண்டைப் பிரதேசத்தின் கிட்காட் மக்களும் விஞ்ஞானிகளோடு சேர்ந்து செய்த ஆய்வு அது. கரடியைப் பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ இல்லை. வாசனைப் பொருளைச் சுற்றி முள்கம்பி கட்டிவிடுவார்கள். மோப்பம் பிடிக்க வரும் கரடியின் முடி கொஞ்சம் கம்பியில் சிக்கும். அந்த முடியிலிருந்துதான் டிஎன்ஏ.

வெள்ளையாக இருப்பதில் லாபமும் உண்டு. பகலில் மீன் பிடிப்பதில் வெள்ளைக் கரடி கறுப்பைவிடக் கெட்டிக்காரன் என்று க்ரிபல் தீவில் செய்த ஆய்வு காட்டியது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, வெளிறிய வானத்தின் பின்னணியில் வெள்ளை உருவம் சட்டென்று தெரிவதில்லை. இரவில் இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

இந்த மக்கள் சொல்லும் கதை வேறு. உலகம் பனியால் மூடிக் கிடந்த காலத்தை யாரும் மறக்கக் கூடாது என்று, படைப்பவனான காக்கை, கருங்கரடிகளில் பத்தில் ஒன்றை வெள்ளையாக்கியது. கதையை வழிகாட்டி வாயால் கேளுங்கள். நான் சொன்னது அதன் எலும்புதான்.

பார்ப்பது நிச்சயமா?

இல்லை. யாராவது நிச்சயம் என்றால் நம்பாதீர்கள். இரை போட்டு வரவழைக்கும் பழக்கம் அங்கே இல்லை.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் படகு, பிறகு ரப்பர் பூட்ஸோடு காட்டுக்குள் சின்ன நடை, பிறகு ஆற்றோரம் ஒரு பாறையிலோ விழுந்த மரத்திலோ உட்காருவது. அவ்வளவுதான். மணிக்கணக்கில். அழுகிய மீன் நாற்றம் முதல் பத்து நிமிடம் மூக்கைத் துளைக்கும், அப்புறம் பழகிவிடும். ஆழமில்லாத தண்ணீரில் பிங்க் சால்மன்கள் முதுகு வெளியே தெரிய முட்டி மோதிக்கொண்டிருக்கும். காக்கைகள் கரையில் ஒதுங்கிய மீனின் கண்ணை முதலில் கொத்தும். கரடி வரும்போது சத்தமே இருக்காது. எதிர்க்கரை சலால் புதர் ஓர் இடத்தில் மட்டும் அசையும், பிறகு ஒரு மூக்கு. கறுப்புக் கரடியாக இருந்தால் சிலர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன்! அந்தக் கறுப்புக் கரடிக்குள்ளும் வெள்ளை மரபணு ஒளிந்திருக்கலாம் என்று தெரிந்தால் அப்படி வாடமாட்டார்கள்.

வெள்ளைக் கரடி கிடைக்காவிட்டால் பணம் வீண் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பயணத்துக்கு வர வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மனத்தாங்கலோடு திரும்புவீர்கள்.

கிரிஸ்லி ஆபத்தில்லையா?

மரியாதை தவறினால் ஆபத்துதான். முஸல் இன்லெட், கைனோக் இன்லெட் ஆகிய ஃபியோர்டுகளின் தலைமாட்டில் ஆறுகள் வந்து சேரும் இடங்களில் கிரிஸ்லி பார்ப்பார்கள். பெரும்பாலும் படகில் இருந்தபடி. நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே: வழிகாட்டி சொன்ன இடத்தைவிட்டு நகராதீர்கள், கூட்டமாகவே இருங்கள், பையில் சாப்பாட்டுத் துணுக்கு வைத்துக்கொண்டு கரையில் இறங்காதீர்கள். ஓடவே கூடாது. கரடி ஸ்பிரே வழிகாட்டியிடம் இருக்கும். நீங்கள் வாங்கி வராதீர்கள், பயணிகள் விமானத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள்.

முன்பெல்லாம் கிரிஸ்லி பெருநிலத்தில் மட்டும் இருக்கும் என்பது அரசாங்க வரைபடம். தீவுகளிலும் வருகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2014-ல் முடி ஆய்வும் அதையே காட்டிய பிறகு அதிகாரிகளும் ஒத்துக்கொண்டார்கள். 2021-ல் இன்னொன்று வெளியானது, எனக்கு மிகப் பிடித்தது அது. இந்தக் கடற்கரைக் கிரிஸ்லிகள் மரபணுப்படி மூன்று குழுக்களாகப் பிரிகின்றன. அந்த மூன்று குழுக்களின் எல்லையும், அங்குள்ள மக்களின் மூன்று மொழிக்குடும்பங்களின் எல்லையும் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. நடுவில் மலையோ கடலோ தடுப்பது காரணமாகத் தெரியவில்லை. ஒரே நிலம் ஒரே மாதிரி உணவு கொடுத்து, மனிதரையும் கரடியையும் ஒரே வட்டத்துக்குள் நிறுத்தியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

கரடி தவிர என்ன இருக்கிறது?

கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் ஹவாயிலும் மெக்சிகோ பக்கமும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இங்கே சாப்பிட வருகின்றன. கூட்டமாகச் சேர்ந்து, மீன் கூட்டத்தைச் சுற்றிக் குமிழி வளையம் விட்டு, வாயைத் திறந்துகொண்டு ஒரே நேரத்தில் மேலே பாயும். கிடைத்தால் அதிர்ஷ்டம். ஓர்க்கா (கொலையாளித் திமிங்கிலம்), கடல் சிங்கம், வழுக்கைக் கழுகு எல்லாம் உண்டு.

கடலோர ஓநாய்கள் தனி இனக்கூட்டம் மாதிரியே வாழ்கின்றன. தீவுக்குத் தீவு நீந்திப் போகும். மீன், சிப்பி, கடல்நாய் என்று கடல்தான் அவற்றின் பெரும்பகுதி உணவு. சால்மனைப் பிடித்தால் தலையை மட்டும் தின்றுவிட்டு உடலை அப்படியே விட்டுவிடும். உடலில் இருக்கும் ஒட்டுண்ணி நாய் இனத்துக்கு ஆகாது என்பது ஒரு விளக்கம். ஆற்றோரம் வரிசையாகத் தலையில்லாத மீன்களைக் கண்டால் யார் வந்துபோனார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

கயாக், நடை, கடலோர மணலில் கால்தடம் பார்ப்பது என்று சின்னச் சின்ன வேலைகளும் இருக்கும். எது என்றைக்கு என்பதைக் காற்றும் கடலேற்றமும்தான் முடிவு செய்யும். இங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஐந்து மீட்டரைக்கூடத் தொடும். அட்டவணை கேட்டு வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள்.

காட்டு நடையில் மரத்தையும் கல்லையும் காட்டி ஏதோ சொல்கிறார்களாமே?

அதைத் தவறவிடாதீர்கள். சிவப்பு சீடார் இந்த மக்களுக்கு வீடு, படகு, பெட்டி, கயிறு, உடை எல்லாமே. வசந்தத்தின் பிற்பகுதியில் மரத்தில் நீரோட்டம் ஏறும்போது, அடியில் ஒரு வெட்டு வெட்டிப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் நடந்துகொண்டே இழுப்பார்கள். அது மேலே போகப் போகக் குறுகி, நீள முக்கோணமாகக் கிழிந்து விழும். ஒரு பக்கம் மட்டும்தான் எடுப்பார்கள், மரம் சாகாது. காயத்தைச் சுற்றி வருடா வருடம் மரம் உதடு மாதிரி மடிந்து வளரும். அந்த வடுவை வைத்து எந்த வருடம் பட்டை எடுத்தார்கள் என்றே எண்ணிவிடலாம். 1846-க்கு முற்பட்ட இப்படிப்பட்ட மரங்களை மாநிலச் சட்டம் தொல்பொருளாகக் காக்கிறது. நில உரிமைப் பேச்சுகளிலும் இவை சாட்சி.

இறக்க நேரத்தில் ஆற்று முகத்தில் அரைவட்டமாகக் கற்கள் அடுக்கியிருப்பது தெரியும். மீன் பொறிகள். ஏற்றத்தில் மீன் உள்ளே வரும், தண்ணீர் இறங்கும்போது கல்லுக்குப் பின்னால் தங்கிவிடும். தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்துக்கு வழி திறந்துவிடுவார்கள். சுற்றுலாக் கையேடுகளில் 'மனிதன் கால் படாத காடு' என்று எழுதுகிறார்களே, இந்தக் கற்களைப் பார்த்த பிறகு அந்த வரியைப் படித்தால் எரிச்சல்தான் வரும். பல்லாயிரம் வருடமாக ஆட்கள் புழங்கிய இடம் இது.

பிக் ஹவுஸ் என்றால் என்ன? எல்லாரும் உள்ளே போகலாமா?

ஊரின் பெரிய வீடு. தடித்த சீடார் தூண்கள், செதுக்கிய குலச்சின்னங்கள், நடுவில் தீ, கூரையில் புகை போக வழி. க்ளெம்டுவின் இப்போதைய பிக் ஹவுஸ் 2002-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் பல வருடம் ஊரில் பிக் ஹவுஸே இல்லை. ஏன் என்று கேட்டால், அதுதான் கதை. பெயர் சூட்டு, திருமணம், துக்கம், பதவி மாற்றம் எல்லாவற்றையும் ஊர் கூட்டி, ஆடிப் பாடி, வந்தவர்களுக்குப் பொருள் கொடுத்து அறிவிக்கும் சடங்கு பாட்லாட்ச். வந்தவர்கள் சாட்சிகள், கொடுக்கிற பொருள் அந்தச் சாட்சியத்துக்கான மரியாதை. கனடா அரசு 1885 முதல் 1951 வரை இதைச் சட்டப்படி தடை செய்தது. ஆடினால் சிறை. முகமூடிகள் பறிபோயின. எழுத்தில் பத்திரம் வைக்காத சமூகத்தில் ஊர்ச் சாட்சியைத் தடை செய்வது, பத்திரப்பதிவு அலுவலகத்தையே கொளுத்துவதற்குச் சமம்.

விருந்தாளிகளை ஊர்க்காரர் ஒருவர் உள்ளே அழைத்துப்போய் விளக்குவார். சில சமயம் பாட்டும் ஆட்டமும் இருக்கும். ஊரில் சாவு விழுந்திருந்தால் எல்லாம் நின்றுவிடும், அதற்கு முகம் சுளிக்கக் கூடாது. நீங்களாகத் தனியே கதவைத் தள்ளிப் பார்க்காதீர்கள்.

டோட்டம் கம்பம் என்ற செதுக்கிய மரத்தூணில் இருப்பது சாமியா? கும்பிடலாமா?

நம்மவர்கள் தவறாமல் கேட்பது இது. சாமி இல்லை. காக்கை, கழுகு, ஓர்க்கா போன்றவை அந்தந்தக் குலத்தின் சின்னங்கள். எந்த மூதாதை எதைச் சந்தித்தார், எந்த உரிமை எப்படி வந்தது என்று கம்பம் சொல்லும். கும்பிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், கொஞ்சம் விழிப்பார்கள். தொடாதீர்கள், சாய்ந்து நின்று படம் எடுக்காதீர்கள்.

பழைய கம்பங்கள் பல அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. சில திரும்புகின்றன. ஹைஸ்லா மக்களின் கம்பம் ஒன்று 2006-ல் ஸ்வீடனிலிருந்து வந்தது. பெல்லா கூலாவின் நுஹால்க் மக்களின் கம்பத்தை 2023-ல் விக்டோரியா நகர அருங்காட்சியகத்திலிருந்து இறக்கி ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

போட்டோ, வீடியோ எடுக்கலாமா?

காட்டிலும் கடலிலும் தாராளமாக. பிக் ஹவுஸில் கேட்டுவிட்டு. ஆட்டத்தின்போது கேமராவைக் கீழே வைக்கச் சொன்னால் வைத்துவிடுங்கள், காரணம் கேட்டு வாதாட வேண்டாம். பாட்டுகள் குடும்பச் சொத்து. அந்தக் குடும்பத்தின் அனுமதி இல்லாமல் அடுத்த குலத்தவரே அதைப் பாட முடியாது, நீங்கள் ரீல்ஸில் போடுவது எப்படிச் சரியாகும்? ட்ரோன் கொண்டுவராதீர்கள். வெள்ளைக் கரடியைப் பார்த்த ஆற்றின் பெயரையும் ஜிபிஎஸ் இடத்தையும் வெளியே போடாதீர்கள்.

எதைப் பற்றிப் பேசலாம், எதைத் தவிர்க்கலாம்?

மீன், வானிலை, படகு எஞ்சின், கூடைப்பந்து. கடற்கரை ஊர்களில் கூடைப்பந்து ஒரு பைத்தியம், அதை எடுத்தால் போதும், பேச்சு தானாக ஓடும். முதற்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டு அடிபட்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். செப்டம்பர் 30 அந்தக் குழந்தைகளை நினைக்கும் நாள், 2021 முதல் தேசிய விடுமுறை. அன்றைக்கு அங்கே இருந்தால் ஆரஞ்சு சட்டை போட்டுக்கொள்வது மரியாதை.

பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில் அங்கே தப்பில்லை. ஆனால் அவர் பேசும்போது குறுக்கே பேசுவது தப்பு. பதில் வர அரை நிமிடம் ஆகும், அந்த இடைவெளியை நீங்கள் நிரப்பாதீர்கள். நமக்குக் கஷ்டம்தான்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், முன்பதிவின்போதே சொன்னால். சாமான் எல்லாம் படகில் வருகிற ஊர், கடைசி நிமிடத்தில் பருப்புக்கு எங்கே போவார்கள்? ஊறுகாயும் கொஞ்சம் மிளகாய்ப் பொடியும் கொண்டுபோங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சொர்க்கம். சால்மன், ஹாலிபட், நண்டு, இறால். வசந்தத்தில் ஹெரிங் மீன் கெல்ப் பாசியின் மேல் முட்டையிடும். முட்டை படிந்த பாசியை அப்படியே எடுத்து உண்பார்கள், கடித்தால் நறநறக்கும். ஊலிகன் என்ற குட்டி மீனை முற்ற வைத்து, வேகவைத்து எடுக்கும் நெய் ஒன்று உண்டு. ஆறினால் உறையும். அந்தக் காலத்தில் மலை தாண்டி உள்நாட்டுக்கு விற்கப்போன சரக்கு. யாராவது ஒரு கரண்டி நீட்டினால் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாசனை கடுமை, ஆனால் கொடுக்கிறது சாதாரண விஷயம் இல்லை.

என்ன உடை?

மழைக்கோட்டு, மழைக் கால்சட்டை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. உள்ளே கம்பளி அல்லது ஃப்ளீஸ். குடை சிரிப்பை வரவழைக்கும். ரப்பர் பூட்ஸும் மேல்மழைச் சட்டையும் விடுதியிலேயே கிடைக்குமா, உங்கள் அளவு இருக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். படகில் போன் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள்.

அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா? குழந்தைகள்?

வழுக்கும் பாறையில் ஏறி இறங்கவும் படகில் கால் தூக்கி வைக்கவும் முடிந்தால் எழுபது வயதிலும் பிரச்சினையில்லை. முட்டிவலி உள்ளவர்கள் திமிங்கிலம், கிரிஸ்லி என்று படகிலேயே பார்ப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சின்னக் குழந்தை ஆற்றோரம் மூன்று மணி நேரம் பேசாமல் உட்காராது. அது அதன் தப்பில்லை, விட்டுவிட்டுப் போங்கள். வயது வரம்பு உண்டா என்று விடுதியிடம் கேளுங்கள்.

இவ்வளவு செலவா?

ஆமாம். சில நாட்களுக்கே ஓர் ஆளுக்குப் பல ஆயிரம் டாலர். ஆறுகளில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு, குறுகிய சீசன், எரிபொருள், படகு எல்லாம் சேர்ந்த விலை.

பணம் எங்கே போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஆய்வு வேலை கற்றுக்கொள்கிறார்கள். கார்டியன் வாட்ச்மென் என்ற கடலோரக் காவலர்கள் தினமும் படகில் சுற்றி, யார் எங்கே நண்டுக் கூடு போட்டார்கள், யார் எதைச் சுட்டார்கள் என்று பார்க்கிறார்கள். இந்தக் கரையின் முதற்குடிகள் 2012-லேயே தங்கள் பிரதேசத்தில் கரடி வேட்டைக்குத் தடை என்று அறிவித்தார்கள். அரசு அப்போது கண்டுகொள்ளவில்லை. கரடி பார்க்க வருகிறவர்கள் செலவழிப்பது, வேட்டையாட வருகிறவர்கள் செலவழிப்பதைப்போல 12 மடங்கு என்று அந்த ஆண்டுக் கணக்கை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கிரிஸ்லி வேட்டை 2017 இறுதியில் நின்றது. கருங்கரடி வேட்டை மட்டும் தொடர்ந்தது. வெள்ளைக் கரடியைச் சுடக் கூடாது, ஆனால் வெள்ளை மரபணுவைச் சுமக்கும் கறுப்பைச் சுடலாம் என்ற அபத்தம்! 2022-ல் ஸ்பிரிட் கரடி வாழும் பகுதிகளில் அதையும் நிறுத்தினார்கள். அதே வருடம் கிட்டாசூ விரிகுடாவைத் தங்கள் சட்டப்படியே கடல் காப்பிடமாக அறிவித்தார்கள், ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசின் கையெழுத்துக்குக் காத்திருக்கவில்லை.

அப்படியானால் அவர்கள் இயற்கையோடு மட்டுமே வாழ்கிறவர்களா?

அப்படி ஒரு படம் வரைந்துகொண்டு போகாதீர்கள். இதே ஊர் ஒரு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு சால்மன் பண்ணையும் நடத்துகிறது, மீன் பதப்படுத்தும் வேலை ஊரில் பலருக்குச் சோறு போடுகிறது. திறந்த வலைக்கூண்டுப் பண்ணைகளை 2029-க்குள் மூட வேண்டும் என்று மத்திய அரசு சொன்னபோது, எங்கள் நீரில் என்ன செய்வது என்பதை நாங்கள் முடிவு செய்வோம் என்று எதிர்த்தார்கள். கடற்கரையின் வேறு பல முதற்குடிகள் பண்ணையே வேண்டாம் என்கிறார்கள். கரடியைக் காப்பதும் பண்ணையை வைத்துக்கொள்வதும் அவர்களுக்கு ஒரே உரிமையின் இரண்டு முகம். உங்களுக்கு ஒப்புதல் இல்லாமல் இருக்கலாம். விருந்துக்குப் போன வீட்டில் அதைப் பாடமாக நடத்த வேண்டாம்.

சாஸ்க்வாட்ச் என்ற காட்டு மனிதன் உண்மையா?

க்ளெம்டுவில் இதைச் சிரித்துக்கொண்டு கேட்டால் நீங்கள்தான் சின்னவராகிவிடுவீர்கள். ராத்திரியில் ஊளை கேட்டவர்கள், கூடாரத்தை விட்டு ஓடியவர்கள் என்று ஊருக்குள் நிறையக் கதை உண்டு. முகமூடி ஆட்டத்திலும் காட்டு மனிதன் வருவான். நம்புங்கள், நம்பாமல் போங்கள், படகு திரும்பும் மாலையில் கதை கேட்பது இலவசம்.

லாட்ஜுக்குப் பணமோ இடமோ கிடைக்கவில்லை. வேறு வழி?

வான்கூவர் தீவின் வடக்கே உள்ள போர்ட் ஹார்டியிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் வரை 'இன்சைட் பாஸேஜ்' வழியாக பிசி ஃபெர்ரீஸ் கப்பல் ஓடுகிறது. குறிப்பிட்ட நாட்களில் க்ளெம்டுவிலும் நிற்கும். கப்பல் தளத்திலிருந்தே அந்த ஃபியோர்டுகளின் வாயையும், அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கிலத்தையும் பார்க்கலாம். ஆனால் தங்க ஏற்பாடு இல்லாமல் க்ளெம்டுவில் இறங்கிவிடாதீர்கள், அடுத்த கப்பல் நாலு நாள் கழித்துத்தான் வரும் என்பது போல ஆகிவிடும்.

கலாசாரம்தான் முக்கியம் என்றால் போர்ட் ஹார்டிப் பக்கத்திலுள்ள தீவு ஊரான அலர்ட் பே போங்கள். 1921-ல் நடந்த ஒரு பாட்லாட்சுக்குப் பிறகு பறிமுதல் செய்யப்பட்டு, பல பத்தாண்டு போராடி மீட்ட முகமூடிகள் அங்கே உமிஸ்டா பண்பாட்டு மையத்தில் இருக்கின்றன. க்வாக்வாக்கவாக்வ் மக்களின் மையம் அது, க்ளெம்டுவின் கதை அல்ல, ஆனால் தடைச் சட்டம் என்ன செய்தது என்று அதைவிடத் தெளிவாக வேறெங்கும் புரியாது. வான்கூவரைவிட்டு நகரவே முடியாதவர்களுக்கு யூபிசி (பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக) வளாகத்தில் மானிடவியல் அருங்காட்சியகம் உண்டு. அரை நாள் ஒதுக்குங்கள். முதலில் பெரிய கூடத்துக்குப் போய்விடுங்கள்.